தட்டு கைமாறட்டும்!

பழைய கணினி வைத்திருக்கும் பினாங்குக்காரர்கள் இரண்டு பேர் சந்தித்தால், நலம் விசாரிப்பதற்கு முன்பே வரும் கேள்வி: “சிடி கொண்டாந்தீங்களா?” ஞாயிற்றுக்கிழமை காலையில் லிட்டில் இந்தியா சாப்பாட்டுக் கடையில் இந்தக் கேள்வி காதில் விழுந்ததுமே எனக்கு உற்சாகம் தலைக்கேறிவிடும். தே தாரிக்கில் ஆடை படியும், தோசை ஆறும், யாரும் கவனிக்க மாட்டோம். மேசை நடுவே வெள்ளைத் தாள் உறைகளில் தட்டுகள். ஒவ்வோர் உறையின் மேலும் மார்க்கர் பேனாவில் இரண்டே வரி: எந்த மெஷினுக்கு, உள்ளே என்ன. ஒலி அட்டைக்கான டிரைவர், டாஸ் காலத்து எழுத்துச் செயலி, வீட்டிலேயே எவரோ எழுதிய சதுரங்க விளையாட்டு, மோடம் நிரல், எழுத்துரு, நிரல்மொழிப் பாடம். 650 மெகாபைட் கொள்ளும் ஒரு சிடிக்குள் ஏறத்தாழ 450 பிளாப்பிகளின் சரக்கு அடங்கிவிடும். அந்தக் காலத்தில் ஒரு மனிதர் ஆயுசு முழுக்கச் சேர்த்திருந்தாலும் இவ்வளவு சேர்ந்திருக்காது. அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு பினாங்கு சாலையில் நடக்கும்போது எனக்கு உண்டாகும் பெருமிதத்தைச் சொல்லி மாளாது!

இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ள வேண்டியதுதானே, தட்டு எதற்கு என்று கேட்பவர்கள் ஒருமுறை விண்டோஸ் 98 மெஷினின் முன் உட்கார்ந்து பார்க்க வேண்டும். இன்றைய இணையத்தளங்கள் பேசும் மறையாக்கம் அந்தக் காலத்து உலாவிகளுக்குத் தெரியாது. கதவைத் தட்டினால் திறக்காது. டாஸ் மெஷினில் யுஎஸ்பி துளையே கிடையாது. பல மெஷின்களில் வலையமைப்பு அட்டையும் கிடையாது. அதை மாட்டலாம் என்றால் டிரைவர் வேண்டும். டிரைவரை இறக்க வலையமைப்பு வேண்டும்! இந்தச் சுற்றிலிருந்து வெளியே வர இருக்கும் எளிய வழி, கையால் கொண்டுபோய் உள்ளே தள்ளும் தட்டு. சிடி டிரைவ் இருந்தால் சிடி, இல்லாவிட்டால் பிளாப்பி. மனிதர் மனிதருக்குக் கொடுத்தால்தான் அந்த மெஷின் வாழும். இந்தப் பொழுதுபோக்கில் எனக்குப் பிடித்ததே இதுதான். இங்கே தனியாக யாரும் இருக்க முடியாது.

அதிலும் பினாங்கில் இதைச் செய்வதில் ஒரு தனிச் சுகம் இருக்கிறது. உங்களிடம் பழைய இண்டெல் 486 சிப் இருந்தால் கழற்றிப் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பலவற்றில் ‘மலாய்’ என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். இண்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையை 1972இல் தொடங்கியது நம் பாயான் லெப்பாஸில்தான். ஜார்ஜ்டவுனிலிருந்து வண்டியை எடுத்தால் அரை மணிநேரம்! அந்த ஆண்டுகளில் வந்திறங்கிய ஏஎம்டி, ஹியூலட் பேக்கர்ட், நேஷனல் செமிகண்டக்டர் போன்ற நிறுவனங்களின் கூடத்தில் வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். மலாய்ப் பெண்களும் சீனப் பெண்களும் நம் பெண்களும் ஷிஃப்டுக்கு ஷிஃப்டு பேருந்தில் போய் வந்தார்கள். நுண்ணோக்கியில் கண் வைத்து, முடியை விட மெல்லிய தங்கக் கம்பியைச் சிப்பின் ஓரத்தில் இணைத்த கைகள் அவை. உலகம் சுற்றி, ஏதோ ஓர் அலுவலகத்தில் உழைத்து ஓய்ந்து, கடைசியில் ஒரு பழைய பெட்டிக்குள் இங்கேயே திரும்பி வந்திருக்கும் 486க்கு நான் மின்சாரம் கொடுத்து, நண்பர் தந்த தட்டைச் சுழலவிடுகிறேன். திரையில் நினைவகம் எண்ணப்படும் அந்தச் சில விநாடிகளில் எனக்கு உடம்பு சிலிர்க்கும். நம் ஊரில் இணைத்த கம்பி இன்னும் மின்சாரம் கடத்துகிறது!

சிப் மட்டும் இல்லை. 100 மெகாபைட் கொள்ளும் ஜிப் டிரைவ்களை ஐஒமேகா நிறுவனம் 1990களின் பிற்பாதியில் பினாங்கிலும் தயாரித்தது. கடல் தாண்டிக் கொஞ்சம் தெற்கே போனால் சிங்கப்பூர். கணினியைப் பேசவும் பாடவும் வைத்த சவுண்ட் பிளாஸ்டர் அட்டையை 1989இல் கிரியேட்டிவ் நிறுவனம் வெளியிட்டது அங்கிருந்து. எத்தனையோ வீடுகளுக்கு முதல் சிடி டிரைவ் வந்ததே அந்த ஒலி அட்டையோடு சேர்ந்த பெட்டியில்தான். ஆக, சிடியிலிருந்து மென்பொருள் ஏற்றும் பழக்கம் நம் வட்டாரத்துக்கு அந்நியம் இல்லை. நம் வீட்டுச் சங்கதி.

எங்கள் மேசையில் ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. படைத்தவர் இலவசமாகக் கொடுத்தது, பகிரச் சொல்லிக் கொடுத்தது, உரிமையாளரே பிற்பாடு திறந்துவிட்டது, இம்மூன்றில் ஒன்றில் வராத எதையும் தட்டில் ஏற்றுவதில்லை. அப்படி வடிகட்டியும் தட்டு நிரம்பி வழிகிறது! 1980களிலும் 90களிலும் ஷேர்வேர் எழுதியவர்களின் பெருந்தன்மை அப்படி. நிரலோடு வரும் குறிப்புக் கோப்பைத் திறந்தால், ‘இதைப் படியெடுங்கள், நண்பர்களுக்குக் கொடுங்கள், பிடித்தால் எனக்குப் பணம் அனுப்புங்கள்’ என்ற பொருளில் எழுதியிருப்பார்கள். 1993 டிசம்பரில் வந்த ‘டூம்’ விளையாட்டின் முதல் பாகம் உலகம் முழுக்கப் பரவியது அப்படிக் கைக்குக் கை மாறித்தான். மைக்ரோசாஃப்ட்டும் தன் பங்குக்கு எம்எஸ்-டாஸின் ஆரம்பப் பதிப்புகளின் மூல நிரலை 2014இல் வெளியிட்டு, 2024இல் 4.0 பதிப்பையும் திறந்துவிட்டது. டாஸ் வேண்டும், ஆனால் உரிமச் சிக்கல் வேண்டாம் என்பவர்களுக்கு ஜிம் ஹால் 1994இல் தொடங்கிய ஃபிரீடாஸ் இருக்கிறது. இன்றும் வளர்ந்துகொண்டிருக்கிறது, பழைய மெஷினில் அருமையாக ஓடுகிறது. எங்கள் ஒவ்வொரு டாஸ் தட்டிலும் அதற்கு ஓர் இடம் நிரந்தரம்.

இந்தப் பரம்பரைக்கு முன்னோர்கள் உண்டு. அமிகா கணினிக்காக ஃபிரெட் ஃபிஷ் என்ற ஒரே மனிதர் இலவச நிரல்களைத் திரட்டி, எண் போட்டு, 1,000க்கும் மேற்பட்ட பிளாப்பிகளாக வெளியிட்டார். அமெரிக்க ராணுவக் கணினி ஒன்றில் வளர்ந்த சிம்டெல் என்னும் பெருந்தொகுப்பை, 1991இல் தொடங்கிய வால்நட் கிரீக் சிடிராம் நிறுவனம் தட்டுகளில் அடைத்து உலகெங்கும் விற்றது. இணையம் தொலைபேசிக் கம்பி வழியே எறும்பாக ஊர்ந்த காலம் அது. தபாலில் வந்த ஒரு சிம்டெல் தட்டு, ஓர் ஊருக்கே நூலகம். இன்றைக்கு அவற்றில் பல தட்டுகளின் நகல்களை ஜேசன் ஸ்காட் போன்ற ஆவணக் காப்பாளர்கள் காத்து, எவரும் எடுத்துக்கொள்ளும்படி வைத்திருக்கிறார்கள். அந்த மனிதர்களுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். அவர்கள் காத்ததை நாங்கள் புது மெஷினில் இறக்கி, பழைய மெஷினுக்கு ஏற்ற அளவில் பிரித்து, மறுபடியும் தட்டாக்குகிறோம்.

தட்டு எரிப்பதில் ஒரு கைப்பக்குவம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட எனக்கு மனசு வராது. முதலாவது, சிடி-ஆர் மட்டுமே. திரும்பத் திரும்ப எழுதக்கூடிய சிடி-ஆர்டபிள்யூ தட்டு லேசர் ஒளியைக் குறைவாகத்தான் திருப்பி அனுப்பும். 1990களின் நடுப்பகுதி வரை வந்த டிரைவ்கள் அதைக் கண்டாலே முழிக்கும். இரண்டாவது, கோப்புப் பெயர்கள். டாஸ் படிக்க வேண்டுமானால் பெயர் 8 எழுத்து, புள்ளி, பிறகு 3 எழுத்து. இதற்கு மேல் நீளக் கூடாது. ஐஎஸ்ஓ 9660இன் முதல் நிலை என்று எரிக்கும் நிரலில் தேர்ந்தெடுத்தால் அதுவே கறாராகப் பார்த்துக்கொள்ளும். மூன்றாவது, தட்டை ஒரே மூச்சில் எழுதி முடித்து மூடிவிட வேண்டும். பிற்பாடு சேர்த்துக்கொள்ளலாம் என்று திறந்து வைத்தால் பழைய டிரைவ் படிக்க மறுக்கும். மெதுவாக எரிக்க வேண்டும். எழுதி முடித்ததும் ஒவ்வொரு கோப்பையும் மூலத்தோடு ஒப்பிட வேண்டும். பிறகு சுருக்கப்பட்ட கோப்புகளுக்கு அருகிலேயே அவற்றை விரிக்கும் நிரலையும் சுருக்காமல் வைக்க வேண்டும். இந்தக் கடைசிக் காரியத்தைச் செய்திருக்கிற தட்டைக் கண்டால், அதைச் செய்தவர் வீட்டுக்கே போய்க் கைகொடுக்கத் தோன்றும் எனக்கு!

486 காலத்து மெஷின்களில் பெரும்பாலானவை சிடியிலிருந்து நேரடியாக உயிர்த்தெழாது. அதற்கான எல் டொரிட்டோ விதிமுறையே 1995இல்தான் வந்தது. ஆகவே தட்டோடு ஒரு பிளாப்பியும் கூட வரும். பிளாப்பியை உள்ளே தள்ளி மெஷினைத் தட்டிவிட்டால், முதலில் ‘கடக் கடக்’ என்று தலை நகரும் சத்தம், பிறகு சிடி டிரைவை அடையாளம் காணும் வரி, பிறகு சிடி மெல்ல முனகி வேகமெடுக்கும் சத்தம். அந்த முனகல் நின்று சீராகச் சுழல ஆரம்பிக்கும் நொடி இருக்கிறதே, அதற்காகவே நான் இரவெல்லாம் விழித்திருப்பேன்.

இதுவரை சொன்னதெல்லாம் ஒரு பக்கம். தமிழ் என்று வரும்போதுதான் இந்தத் தட்டுகளின் அருமை எனக்கு முழுதாக விளங்கியது. நம் மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இலேயே முரசு மென்பொருளைக் கொண்டுவந்தார். இன்று ஆப்பிள் கணினியில் நாம் தட்டச்சு செய்யும் ‘அஞ்சல்’ விசைமுறைக்கும், அதிலுள்ள சங்கம் எழுத்துருவுக்கும் வேர் அங்கே இருக்கிறது. கனடாவிலிருந்து சீனிவாசன் டாஸில் ஓடும் ‘ஆதமி’ மென்பொருளைத் தந்தார். சுவிட்சர்லாந்தின் லோசானில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் ‘மயிலை’ எழுத்துருவைச் செய்து இலவசமாக அளித்தார். அவர்தான் 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கி, தமிழ் இலக்கியத்தை மின்னுரையாக்கும் பெரும்பணியைத் தன்னார்வலர்கள் தோளில் ஏற்றினார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 1997இல் முதல் தமிழ் இணைய மாநாட்டைக் கூட்டினார். கோலாலம்பூரிலும் 2001இல் அந்த மாநாடு நடந்தது. கடல் கடந்து சிதறிக் கிடந்த தமிழர்கள், சம்பளம் கிடையாது, முதலீடு கிடையாது, ராத்திரி நேரத்தில் உட்கார்ந்து தங்கள் மொழிக்குக் கணினியில் இடம் பிடித்த காலம் அது. எனக்கு இதை நினைத்தாலே நெஞ்சு நிமிர்கிறது.

ஆனால் ஒவ்வொருவரும் எழுத்துகளை ஒவ்வோர் எண்ணில் வைத்தார்கள். வேறு வழியும் அன்றைக்கு இல்லை. யூனிகோடில் தமிழுக்கு 1991இலேயே இடம் கொடுத்துவிட்டாலும், விண்டோஸ் 2000 வரும் வரை மைக்ரோசாஃப்ட்டின் இயங்குதளம் அதை முறையாகக் காட்டவில்லை. அதற்கு முந்திய பதினைந்து ஆண்டுத் தமிழ் எழுத்துகள், அதாவது கதைகள், கோயில் கும்பாபிஷேக மலர்கள், பள்ளி ஆண்டிதழ்கள், சங்கக் கூட்ட அறிக்கைகள், திருமணப் பத்திரிகைகள், எந்த மென்பொருளில் அடித்தார்களோ அந்த மென்பொருளும் எழுத்துருவும் இருந்தால்தான் வாய் திறக்கும். பழைய மென்பொருளைக் காப்பாற்றுவது விளையாட்டுக்காரர்களின் ஏக்கம் மட்டும் என்று நினைப்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்: நம் எழுத்தின் சாவி அந்தத் தட்டில் இருக்கிறது.

செபெராங் பிறையிலிருந்து ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் ஒரு பெட்டி நிறையப் பிளாப்பிகளோடு எங்களைத் தேடி வந்தார். புது மடிக்கணினியில் யாரோ கோப்புகளைத் திறந்து காட்டியிருக்கிறார்கள்; ஐரோப்பிய எழுத்துகள், தலையில் புள்ளியும் கொம்புமாக வரிசை வரிசையாக நின்றிருக்கின்றன. “எல்லாம் கெட்டுப் போச்சுன்னு சொல்லிட்டாங்க தம்பி,” என்றார். “கெடல சார், ஒண்ணும் கெடல. குடுங்க இங்க,” என்று வாங்கிக்கொண்டோம்.

பிளாப்பியை நேரே டிரைவில் போடவே மாட்டோம். பினாங்குக் காற்றின் ஈரத்தில் பிளாப்பிக்குப் பூஞ்சை பிடிக்கும். உலோக மூடியைத் தள்ளி, நடு வட்டத்தை விரலால் மெல்லச் சுற்றி, விளக்கை நோக்கிச் சாய்த்துப் பார்த்தால் பழுப்புப் பரப்பில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் தெரியும். அப்படியே ஓட்டினால் டிரைவின் தலை அதை உரசி, காந்தப் பூச்சையே சுரண்டிவிடும். ஓட்டைப் பிரித்து உள்ளே இருக்கும் மெல்லிய வட்டத்தை வெளியே எடுத்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் ஒத்தி ஒத்தித் துடைத்து, காயவைத்து, சுத்தமான வேறோர் ஓட்டுக்குள் மாற்றினோம். பிறகு கிரீஸ்வீசல். கீர் ஃபிரேசர் என்பவர் வடிவமைத்து உலகுக்கே திறந்து கொடுத்த சின்னஞ்சிறு பலகை. ஒரு பக்கம் பழைய பிளாப்பி டிரைவ், மறுபக்கம் யுஎஸ்பி. கோப்பு என்ன, இயங்குதளம் என்ன என்றெல்லாம் அது கேட்காது. தட்டின் மேலுள்ள காந்த மாற்றங்களை அப்படியே அள்ளிக் கொடுக்கும். இரண்டு பக்கம், பக்கத்துக்கு 80 தடம். ஒரு தடம் அடம்பிடித்தால் அதே இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கும். திரையில் தடங்கள் ஒவ்வொன்றாகத் தேறி வர வர, ஆசிரியர் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

கோப்புகளை ஒரு தட்டில் எரித்து விண்டோஸ் 98 மெஷினுக்குக் கொண்டுபோனோம். பக்கத்தில் எங்கள் தமிழ்த் தட்டு. பல ஆண்டுகளாகப் பலர் கொடுத்துச் சேர்ந்த, இலவசமாக வெளிவந்த எழுத்துருக்கள் எல்லாம் அதில். அனுபவத்தில் ஒரு கணக்கு உண்டு. கோப்பைத் திறந்ததும் வெறும் ஆங்கில எழுத்துகளாகக் கொட்டிக் கிடந்தால் மயிலை வகையை முதலில் பார்ப்போம். கொம்பு வைத்த ஐரோப்பிய எழுத்துகளாக இருந்தால் எட்டு பிட் வகைகள்: தகுதரம் என்கிற டிஸ்கி, 1999 சென்னை மாநாட்டுக்குப் பிறகு வந்த டாம், டாப், அல்லது அந்தந்த நிறுவனத்தின் சொந்தக் குறியேற்றம். ஒவ்வோர் எழுத்துருவாக மாற்றிக்கொண்டே போனேன். ஒன்றில் உயிர்மெய் சரியாக வந்தது, கொம்பு இடம் மாறியது. இன்னொன்றில் ‘ழ’ இருக்க வேண்டிய இடத்தில் கேள்விக்குறி. அடுத்ததைத் தேர்ந்தெடுத்தேன். பளிச்சென்று திரை முழுக்கத் தமிழ்!

ஆசிரியர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தார். பள்ளி ஆண்டு விழாவுக்காக அவர் எழுதிய நாடகம். மாணவர்கள் பெயர் ஒவ்வொன்றாக வந்தது. யார் ராஜா, யார் மந்திரி, யாருக்கு வசனம் மறக்கும் என்று அவரே சொல்லிச் சொல்லிச் சிரித்தார். கடையில் இருந்த மலாய் நண்பரும் சீன நண்பரும் ஒரு சொல்லும் புரியாமலே கூடச் சேர்ந்து கைதட்டினார்கள். அன்றைக்கே எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றி, மூலக் கோப்பையும் எழுத்துருவையும் மாற்றிய பிரதியையும் ஒன்றாக எரித்து, மூன்று தட்டு போட்டுக் கொடுத்தோம். மூன்றும் மூன்று வீட்டில் இருக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம்.

பழைய தட்டு வேட்டைக்குப் போக வேண்டுமானால் லோரோங் கூலிட் சந்தை. விடிந்ததும் போய்விட வேண்டும், நடுப்பகலுக்குள் கடைகளைச் சுருட்டிவிடுவார்கள். பழைய காசு, கைக்கடிகாரம், ரேடியோ, பீங்கான் கிண்ணம் இவற்றுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் கூடையில் சிடிகள் கிடக்கும். பாட்டு சிடிகளைப் புரட்டிக்கொண்டே போனால் திடீரென்று கணினி இதழோடு இலவசமாக வந்த தட்டு ஒன்று தலைகாட்டும். அதன் ஓரத்தைப் பிடித்து வெயிலில் காட்டி, வெள்ளிப் பூச்சில் ஊசித்துளை வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்பேன். தெரியாவிட்டால் பொக்கிஷம்! அந்த இதழ்த் தட்டுகளில்தான் வேறெங்கும் கிடைக்காத டிரைவர்கள் ஒளிந்திருக்கும். எந்தக் காலத்திலோ ஓர் இதழாசிரியர் இடம் மிச்சம் இருக்கிறதே என்று கடைசி அடைவில் போட்டு வைத்தது, இன்று ஒரு தைவான் ஒலி அட்டையைப் பேச வைக்கிறது.

எங்கள் கூட்டத்துக்கு இப்போது பல்கலைக்கழகப் பிள்ளைகளும் வர ஆரம்பித்திருக்கிறார்கள். இவர்கள் பிறக்கும்போதே பிளாப்பி ஓய்ந்துவிட்டது. ஒரு பெண், முதல் தடவை டாஸ் திரையைப் பார்த்துவிட்டு, “அங்கிள், மவுஸ் எங்க?” என்று கேட்டாள். அடுத்த மாதமே பேசிக் மொழியில் அ முதல் ஃ வரை புள்ளி புள்ளியாக வரைந்து காட்டும் நிரல் எழுதிக் கொண்டுவந்தாள். ஒவ்வோர் எழுத்தையும் கட்டம் போட்ட தாளில் தானே வரைந்து, எண்ணாக்கி ஏற்றியிருக்கிறாள். 1980களில் நம்மவர்கள் செய்த அதே வேலை, அதே வழி, யாரும் சொல்லிக் கொடுக்காமல்! அதைப் பார்த்த மகிழ்ச்சியில் நான் அந்தக் கடைக்கே பலகாரம் வாங்கிக் கொடுத்தேன். அவளுடைய நிரல் இப்போது எங்கள் தமிழ்த் தட்டில் ஏறிவிட்டது, அவளே எழுதிய குறிப்புக் கோப்போடு: படியெடுத்துக் கொடுக்க முழு அனுமதி உண்டு.

அடுத்த தமிழ்த் தட்டுக்கு வேலை நடக்கிறது. டாஸ் மெஷினுக்கு ஒரு பாகம், விண்டோஸ் 3.1க்கும் 98க்கும் ஒரு பாகம், பழைய மேக்கின்டோஷுக்கு ஒரு பாகம். எழுத்துருவின் பெயர், அது வந்த ஆண்டு, கோப்பில் எப்படித் தோன்றும் என்று ஒவ்வொன்றுக்கும் அரைப்பக்கக் குறிப்பு எழுதுகிறோம், அடுத்தவர் எங்களைப் போல ஒவ்வொன்றாக மாற்றித் தேட வேண்டாம் என்பதற்காக. உங்கள் வீட்டு அலமாரியில், அப்பாவின் மேசை இழுப்பறையில், கோயில் அலுவலகப் பீரோவில் பிளாப்பியோ பழைய சிடியோ இருந்தால், டிரைவில் போட்டுப் பார்க்காதீர்கள், வெயிலில் வைக்காதீர்கள், மேலே ஒட்டியிருக்கும் சீட்டைக் கிழிக்காதீர்கள். பூஞ்சை துடைக்கத் தெரிந்த ஒருவரிடம் அப்படியே கொண்டுபோய்க் கொடுங்கள். பினாங்குக்காரராக இருந்தால் எங்களிடமே கொண்டுவாருங்கள். தோசை எங்கள் செலவு!